மடித்து வைத்த அகலம்

கிரேன் சித்தப்பா எங்கள் வீட்டில் உட்கார்ந்து, டிவியில் ஓடிய என் அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“யாரு அண்ணி இது? ஒட்டடைக் குச்சிக்குச் சட்டை மாட்டி விட்ட மாதிரி!”

அம்மா ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் விழுந்த மாதிரி ஒரு சத்தம். விழவில்லை, வைத்தாள். கோபத்தில் அவள் பாத்திரம் வைத்தால் அப்படித்தான் கேட்கும்.

சித்தப்பாவின் முகம் செத்துப்போனது. “என்ன பாப்பா, நான் என்ன சொல்லிட்டேன்?”

“அது அப்பா, சித்தப்பா.”

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். படத்தில் ஒல்லியான மனிதர் ஒருவர் இரும்புக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். சித்தப்பா முகத்தைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“மூஞ்சி அண்ணன் மூஞ்சிதான். ஆனா உடம்பு யாரோடது?”

அவர் எங்களுக்கு ரத்த உறவு இல்லை. தூரத்தில் ஒரு ஆற்றின் மேல் பாலம் கட்டிய இடத்தில் அப்பா கம்பி வளைத்தார், இவர் கிரேன் ஓட்டினார். ஒரே தகரக் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அங்கே யாரோ கைமாற்றிவிட்ட சின்ன வீடியோ காமிரா ஒன்றை வாங்கி, லீவு நாளிலும் சாப்பாட்டு நேரத்திலும் கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்திருக்கிறார். அப்பா செத்த பிறகு அந்த டேப்பைக் கடையில் கொடுத்து டிவிடியாகப் போட்டு, ஊருக்குக் கிளம்பிய ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு வேலையிடம் விட்டு இன்னொரு வேலையிடம் என்று அலைந்துவிட்டு, இடுப்பு எலும்பு தேய்ந்து, இப்போதுதான் ஒரேயடியாகத் திரும்பியிருக்கிறார். முதல் வேலையாக எங்களைப் பார்க்க வந்தவர், வந்ததும் அந்த டிவிடியைத்தான் கேட்டார்.

“நான் அதைப் பாக்கவே இல்ல பாப்பா. தைரியம் வரல. கடைக்காரன் உறையில போட்டுக் கொடுத்தான், அப்படியே அனுப்பிட்டேன்.”

நாங்கள் பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம். அதுதான் எங்கள் வீட்டில் நடந்த கேடு.

அப்பா வேலைக்குக் கிளம்பிப் போனபோது நான் சின்னப் பெண். அவர் தோளில் உட்கார்ந்தால் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி ஆடாமல் இருக்கும் என்பது ஒன்றுதான் எனக்கு ஞாபகம். போனவர் பெட்டியில் வந்தார். கூட வந்தவர் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆணி அடித்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிழலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை, இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவ்வளவுதான் செய்தி. கொஞ்ச நாள் கழித்து இந்த டிவிடி வந்தது. அம்மா அதில் கண்டது எலும்பும் தோலுமாக ஒரு மனிதனை. அவர் மட்டுமல்ல, அங்கே இருந்த எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள். அந்த வேலை ஆளை உறிஞ்சிவிடும் வேலை என்று அம்மா முடிவு செய்துகொண்டாள்.

கிளம்பியவர் குறித்த காலத்தில் திரும்பியிருக்க வேண்டியவர். “மேல் கூரையையும் போட்டுடலாம், இன்னும் கொஞ்ச காலம் இருந்துட்டு வாங்க” என்று போனில் சொன்னது அம்மா. அவர் இருந்தார். கூரையும் போட்டாயிற்று. அந்தக் கூரைக்குக் கீழே அம்மா ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. வெயில் காலத்தில் அடுப்பு மாதிரி கொதிக்கும் முன்பக்கத் தகர அறையில்தான் படுப்பாள். யாராவது கேட்டால் காற்று வருகிறது என்பாள். ஒரே ஒரு முறை, காய்ச்சலில் கிடந்தபோது என்னிடம் சொன்னாள்: “சாப்பிடாம மிச்சம் பிடிச்சு அனுப்பியிருக்காரு மனுஷன். நான் அதை வாங்கிச் சிமெண்டு கலந்திருக்கேன்.”

சித்தப்பா சமையலறை வாசலில் போய் நின்றார்.

“அண்ணி, அண்ணன் இப்படி இல்ல. சத்தியமாச் சொல்றேன். கடைசி நாள் வரைக்கும் ஆளு மலை மாதிரி இருந்தாரு.”

“இருக்கட்டும் தம்பி.”

“நான் கூடவே இருந்தவன் அண்ணி.”

“நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. செத்த வீட்டுல எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க. எனக்குக் கண்ணு இருக்கு. காப்பி ஆறுது, குடிங்க.”

வெளியே வந்தவர் காப்பியைத் தொடவில்லை. “அந்த டேப்பு இன்னும் என்கிட்ட இருக்கு பாப்பா,” என்றார். “தூக்கிப் போட மனசு வரல. நாளைக்குக் கொண்டு வரேன்.”

*

நான் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வார லீவன்று சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வீடியோ கடைக்குப் போனேன். முன்னால் கண்ணாடியில் கல்யாண ஜோடிகளின் படம், பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. நாலா பக்கமும் ஒயர். வீடியோக்காரர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வாய் ஓயாத ஆள்.

பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் சின்னக் கதவைத் திறந்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

“பூஞ்சை பிடிச்சிருக்கு.”

“ஓடுமா?” என்று கேட்டேன்.

“ஓடும். எத்தனை தடவைன்னு கேக்காதீங்க. ஒரு தடவை முழுசா ஓடினாலே பெரிய விஷயம். நடுவுல சிக்கினா அறுந்துடும். அப்புறம் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.”

“நான் பிடிச்சா சட்டை மட்டும் தனியா வராது தம்பி,” என்றார் சித்தப்பா. “பாத்துப் பண்ணு.”

வீடியோக்காரர் சிரித்துக்கொண்டே அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய காமிராவை எடுத்தார். இந்த மாதிரி டேப்பு ஓடுகிற சாதனம் ஊரில் இனி இது ஒன்றுதான் என்றார். உள்ளே பஞ்சால் துடைத்தார். டேப்பைப் போட்டார். ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினார். டேப்பு எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரமும் உட்கார்ந்துதான் ஏற்ற வேண்டும், இதில் அவசரப்படுத்த வழியில்லை என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினார்.

முதலில் நீலம். பிறகு கட்டம் கட்டமாக உடைந்த ஏதோ ஒன்று. காமிராவுக்குள்ளிருந்து எலி கொறிப்பது போல ஒரு சத்தம். சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை சும்மா பிடித்தாலே வலிக்கும். நான் எடுக்கச் சொல்லவில்லை. கட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆறாகின, கம்பிக் கட்டாகின, மனிதர்களாகின.

அதே ஒல்லி மனிதர்கள்.

“எங்க வீட்டு டிஸ்க்லயும் இதேதான் அண்ணா,” என்றேன். அம்மா சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது.

வீடியோக்காரர் திரைக்கு அருகில் நகர்ந்து உட்கார்ந்தார். “காமிராவுல அகலப் படம்னு ஒண்ணு இருக்கும். அதை வெச்சு எடுத்தீங்களா பெரியவரே?”

“எனக்கு என்ன தெரியும்? வித்தவன் எப்படிக் கொடுத்தானோ அப்படியே எடுத்தேன்.”

“அப்ப அதான். கொஞ்சம் பொறுங்க, முதல்ல இது முழுசா உள்ள வரட்டும்.”

மூச்சை அடக்கிக்கொண்டு டேப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். இரண்டு இடத்தில் படம் உறைந்தது. ஒரு இடத்தில் காமிரா முனகி நின்றேவிட்டது. அவர் அதன் விலாவில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார், ஓடியது. முடிந்ததும் பெருமூச்சு விட்டது அவர்தான்.

“இப்பச் சொல்றேன் கேளுங்க. காமிரா அகலமாத்தான் பாத்திருக்கு. ஆனா இந்த டேப்புல அவ்வளவு அகலத்துக்கு இடம் கிடையாது. அதனால ரெண்டு பக்கமும் அமுக்கி, மடிச்சு உள்ள வெச்சுக்கும். காட்டறப்ப விரிச்சுக் காட்டணும். முன்னாடி டிஸ்க் போட்டவன் விரிக்காம அப்படியே போட்டுட்டான். நீங்க இத்தனை நாளும் பாத்தது மடிச்சு வெச்ச பாயை.”

“விரிக்க முடியுமா?”

அவர் மவுஸை நகர்த்தினார். ஒரு பட்டியலைத் திறந்து எதையோ மாற்றினார். ஒரு சொடுக்கு.

நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. திரையின் இரண்டு ஓரத்துக்கும் ஆறு பாய்ந்து போனது. பாலத் தூண்கள் ஊசி மாதிரி நின்றவை தூணாக நின்றன. நடுவில், கம்பிக் கட்டைத் தோளில் வைத்தபடி முதுகைக் காட்டி நின்ற அந்த நோஞ்சான் மனிதர், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கண்ணெதிரே அகலமானார். கழுத்து அகலமானது. முதுகு கதவைத் திறந்த மாதிரி விரிந்தது. அவர் தோளில் இருந்த கம்பிக் கட்டு திடீரென்று சின்னதாகிவிட்டது. அவர் திரும்பினார். அந்த மார்புக்குப் பின்னால் ஆறு மறைந்தது.

பேச்சையே தொழிலாக வைத்திருந்த வீடியோக்காரர், “யப்பா” என்றார். அவ்வளவுதான்.

சித்தப்பா அழுதுகொண்டிருந்தார். “இதான். இதான் அண்ணன். நாலு பேர் தூக்கற கட்டை ஒத்தை ஆளாத் தூக்கிட்டு, ‘தள்ளுங்கடா’ன்னு வருவாரு.”

கிடங்கில் என்னைக் ‘கதவு’ என்று கூப்பிடுவார்கள். எனக்கு அப்படி ஒரு உடம்பு. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறேனாம். குச்சி மாதிரி ஒரு அப்பனுக்கு இப்படி ஒரு பெண்ணா என்று எனக்கே ஒரு கூச்சம் இருந்தது. சின்ன வயதில் அம்மா, “அப்பன் தோள் அப்படியே வந்திருக்கு” என்று என் தோளைத் தட்டுவாள். டிஸ்க் வந்த பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல், என் வலது தோளை இடது கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

*

டிஸ்கைச் சூடு ஆறுவதற்குள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அம்மாவைப் பிடித்து உட்காரவைத்து, நானே பிளேயரில் போட்டேன்.

ஒட்டடைக் குச்சி கம்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

“சித்தப்பா,” என்றேன்.

“கடையில பெருசா இருந்தாரு அண்ணி! நான் பாத்தேன்! இவளும் பாத்தா!”

அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் தாங்கவில்லை. “கம்ப்யூட்டர்ல நோஞ்சானைப் பயில்வானாக்கிக் காட்டுவாங்க. எனக்கு ஆறுதல் சொல்றதுக்காக ரெண்டு பேரும் இவ்வளவு அலையணுமா? போதும், அணைச்சுட்டுக் கை கழுவுங்க.”

மறுநாள் வேலை முடிந்த கையோடு, சீருடைகூட மாற்றாமல், கடைக்குப் போனேன். டிஸ்கை அவர் முன்னால் வைத்தேன். அவர் போட்டுப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“படத்தை அகலமாத்தான் வெளிய எடுத்தேன்மா. ஆனா டிஸ்க்ல பதியற எடத்துல அது தனியா ஒரு தடவை கேக்கும், அகலமா, சாதாவான்னு. சாதான்னு இருந்திருக்கு, நான் பாக்கல. இந்தப் பக்கம் விரிச்சுட்டு அந்தப் பக்கம் நானே மடிச்சுட்டேன்.”

“எங்கம்மா நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறா.”

அவர் மறுபடி போட்டார். இந்த முறை கம்ப்யூட்டரை நம்பவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பெட்டி டிவியை இழுத்து, தூசி தட்டி, பிளேயரை மாட்டி, அதில் போட்டுக் காட்டினார். அப்பா வந்தார். மலை மாதிரி வந்தார். படத்துக்கு மேலேயும் கீழேயும் மட்டும் கறுப்பாக ஒரு பட்டை.

“உங்க டிவி இந்த மாதிரிதானே? அப்ப கறுப்பு இருக்கத்தான் செய்யும். அகலத்தைக் காட்டணும்னா மேலயும் கீழயும் விட்டுக் கொடுத்துத்தான் ஆகணும்.”

*

அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கூப்பிடவில்லை. போட்டுவிட்டு உட்கார்ந்தோம். சித்தப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

“டிவி கெட்டுப்போச்சா? மேல கீழ கறுப்பா இருக்கு,” என்றாள் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு.

“இல்லம்மா, அது அப்படித்தான் வரும்.”

அப்பா திரும்பினார். ஆறு மறைந்தது. அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி துணியை மடித்தாள்.

“நேத்து ஒல்லி, இன்னிக்குக் குண்டா? நாளைக்கு ரெண்டு கை கூட வெச்சுக் கொண்டு வருவீங்களா?”

“அம்மா, இதான் நிஜம்.”

“எது நிஜம்னு யாரு சொல்றது? அந்தக் கடைக்காரனா? அவனா இவரோட குடித்தனம் பண்ணான்?”

சித்தப்பா வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டினேன். மூடிக்கொண்டார். என்ன சொல்லி என்ன? அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஒரே ஆளை இரண்டு விதமாகக் காட்டினால் எதை நம்புவது?

படம் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம். கம்பிக் கட்டின் மேல் வரிசையாக ஆட்கள். அப்பா காமிராவைப் பார்த்து என்னவோ சொல்கிறார், ஜெனரேட்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காலித் தட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் காட்டுகிறார்.

“நிறுத்து,” என்றாள் அம்மா.

நிறுத்தினேன்.

மடியிலிருந்த துணி கீழே விழ எழுந்து போனாள். டிவிக்கு முன்னால் மண்டியிட்டாள். ஒரு விரலை நீட்டி, அந்தத் தட்டின் விளிம்பில் வைத்து, மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு. விரல் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது.

“இது என் தட்டு,” என்றாள்.

“என்னம்மா?”

“இவரு கிளம்பறப்ப நான் வாங்கிக் கொடுத்த தட்டு. இதோ பாரு, இங்க பெயிண்டு போயிருக்கு. வாங்கின அன்னிக்கே நீ கீழ போட்டே.” அவள் என்னைப் பார்க்கவில்லை. “பழசுல இது நீட்டமா, முட்டை மாதிரி இருக்கும். யாரோ கொடுத்த தட்டுன்னு நெனச்சேன். நான் கொடுத்ததைக்கூட வித்துட்டாரு போலன்னு நெனச்சேன். காலித் தட்டை எங்கிட்டக் காட்டறாரு, ‘பாருடி, ஒண்ணும் இல்ல’ன்னு காட்டறாருன்னு… அந்த எடம் வந்தா நான் கண்ணை மூடிக்குவேன்.”

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ அண்ணி. ரெண்டாம் தடவை வாங்கித் தின்னுட்டு, வழிச்சு நக்கிட்டுக் காட்டறாரு அண்ணி. ‘பிடிடா இதை, ஊருக்குப் போனா உங்க அண்ணி நம்ப மாட்டா’ன்னு அவருதான் பிடிக்கச் சொன்னாரு.”

அம்மா அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. விரலை மறுபடி தட்டின் மேல் வைத்தாள்.

“தட்டு உருண்டை. அது எனக்குத் தெரியும், கடையில பொறுக்கி எடுத்தவ நான். தட்டு உருண்டைன்னா…”

விரல் தட்டிலிருந்து மேலே ஏறியது. கையைத் தொட்டது. கையிலிருந்து தோள். ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போக அந்த விரல் நிறைய தூரம் போக வேண்டியிருந்தது. அம்மா பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். ஏதோ ஒரு பெரிய வாகனம் வந்து வாசலில் நின்றுவிட்டது போல அண்ணாந்து பார்த்தாள். எங்கள் டிவி அவள் இடுப்பு உயரம்கூட இருக்காது.

“எவ்வளவு பெரிய ஆளு,” என்றாள் ரகசியம் போல. “பக்கவாட்டுலதான் வருவாரு உள்ள. வாசல்ல நேரா நுழைஞ்சா இடிக்கும். ஒரு தோளை முன்னால விட்டு, தலையைக் குனிஞ்சு… நான் அதை எப்படி மறந்தேன்? கூடப் படுத்தவ நான். இந்தப் பாழாப்போன டிஸ்க்கைப் பாத்துப் பாத்து, என் புருஷனை நானே அமுக்கிட்டேனே.”

நான் அழவில்லை. எனக்குப் பயம் மாதிரி ஏதோ ஒன்று. உருண்டையான ஒரு தட்டு, இத்தனை வருஷமாகக் கேட்க ஆளில்லாமல் கிடந்த ஒரு சாட்சி, ஒரு மனிதனை அவனுடைய உயரத்துக்கும் அகலத்துக்கும் திரும்பத் தூக்கி நிறுத்திவிட்டது. அந்தச் சின்ன அறையில் எங்கள் மூன்று பேருக்கு இடமிருந்தது. நாலாவது ஆளுக்கு இல்லை. சுவரோரமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். அவள் பிறகும் தகர அறையில்தான் படுத்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன். பழக்கம் அவ்வளவு சுலபமாகப் போகாது. ஆனால் அன்று சாயங்காலம், படத்தை நிறுத்திய இடத்திலேயே விட்டுவிட்டு, பெட்டி வந்த நாளிலிருந்து யாரிடமும் அவள் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“தம்பி, அன்னிக்கு என்ன சாப்பிட்டாரு?”

“அன்னிக்கா அண்ணி?”

“அன்னிக்குத்தான். கடைசி நாள். மத்தியானம்.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“மத்தியானம் சோறு, மீனு. மீனு அவருக்கு உசுருன்னு உங்களுக்கே தெரியும். என் பங்கையும் பிடுங்கிட்டாரு.”

“உங்க பங்கையுமா?”

“கேக்கறதே இல்லையே. கையை விட்டு எடுத்துக்குவாரு.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கை எடுத்தால்தான் தெரியும். எடுக்கவில்லை. விரல்களுக்கு இடையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“மத்தியானத்துலேருந்து வேணாம். காலையிலேருந்து சொல்லுங்க. எழுந்ததுலேருந்து.”

“எழுந்ததுலேருந்தா? அவரை எழுப்பறதே பெரும்பாடு அண்ணி,” என்று சித்தப்பா காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார். “ஒரு குறட்டை விடுவாரு பாருங்க…”